வாளும் கணக்கும்

ஆறாட்டு நாளில் திருவனந்தபுரம் விமான நிலையத்தின் ஓடுபாதை சில மணி நேரம் மூடப்படுகிறது. ஸ்ரீபத்மநாப சுவாமி அதைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்கு எழுந்தருள வேண்டும். வாளேந்தி உடன் நடப்பவர் திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் தலைவர். 1949-ல் ராஜ்யம் போயிற்று. 1971-ல் மானியமும் பட்டமும் போயின. வாள் மட்டும் போகவில்லை.

மருமக்கள்தாய முறைப்படி இங்கு வாரிசு, சகோதரியின் மகன். கடைசி மன்னர் சித்திரைத் திருநாள் 1991-ல் காலமானதோடு கோயில் உரிமையும் முடிந்ததா என்ற வழக்கு எழுந்தது. முடிந்தது என்றது கேரள உயர் நீதிமன்றம், 2011-ல். முடியவில்லை என்றது உச்ச நீதிமன்றம், 2020 ஜூலையில். ஆனால் நிர்வாகத்தை மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் விட்டது. இருபத்தைந்தாண்டுக் கணக்கைத் தணிக்கை செய்யவும் சொன்னது. குடும்பத்தார் அமைத்த அறக்கட்டளை விலக்குக் கேட்டது. 2021-ல் அது மறுக்கப்பட்டது.

மறுத்தது சரியே. 1750-ல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பெருமாளுக்கு எழுதி வைத்துப் 'பத்மநாப தாசன்' ஆனார். தாசன் என்றால் எஜமானுக்குக் கணக்குக் காட்ட வேண்டியவன் அல்லவா? இந்த உண்டியலில் விழுவது அரண்மனைப் பணம் மட்டுமன்று. சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமக்கும் தமிழனின் காசும், மாதச் சம்பளக் குமாஸ்தாவின் காணிக்கையும் அதில் உண்டு.

வாளேந்தும் உரிமை பிறப்பால் வரலாம். மக்களின் மதிப்பு கணக்கால்தான் வரும்.