துரோகி பட்டம்

அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்துப் பருவம் முடிந்ததும் ஒரு ஒப்பாரி தொடங்கும். விசுவாசம் செத்துப்போச்சாம். வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற வீரர்கள் பெயர் கொடுப்பார்கள்; ரசிகர்கள் துரோகி பட்டம் கொடுப்பார்கள். மூன்று ஆண்டு மிஷிகனுக்கு ஆடிய ஹன்டர் டிக்கின்சன் 2023-ல் கான்சஸுக்குப் போனபோதும் இதே கதைதான். பத்தாயிரம் டாலர் கூடக் கிடைத்தால் என்னைத் திட்டுகிறவர்களும் இன்றே வேலை மாறுவார்கள் என்று அவர் திருப்பிச் சொன்னார். அதில் என்ன தப்பு?

ரசிகர்களின் இந்த விசுவாசக் கணக்கைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். 2022 ஏப்ரல் 2, நியூ ஆர்லியன்ஸ், தேசியத் தொடரின் அரையிறுதி. ஆட்டம் முடிய அரை நிமிடம்கூட இல்லை. டியூக் அணியின் ஏழடி உயர மார்க் வில்லியம்ஸ் கையை நீட்டி மறித்து நிற்க, வட கரோலினா பல்கலைக்கழக அணியின் கேலப் லவ் அவர் தலைக்கு மேலே மூன்று புள்ளிப் பந்தை வீசி இறக்கினார். 81-77. டியூக்கின் பயிற்சியாளர் மைக் ஷஷெவ்ஸ்கிக்கு அதுவே கடைசி ஆட்டம். வட கரோலினா பல்கலைக்கழகம் இருக்கும் சாப்பல் ஹில்லில் கூட்டம் தெருவில் இறங்கிக் கூத்தாடியது. அன்று லவ்வோடு களத்தில் நின்ற பிரேடி மானெக், நான்கு ஆண்டு ஓக்லஹோமாவுக்கு ஆடிவிட்டு வந்தவர். ஓக்லஹோமாவுக்கு அவர் துரோகம் செய்தார் என்று சாப்பல் ஹில்லில் யாராவது முகம் சுளித்தார்களா?

அடுத்த பருவத்தை நாட்டின் தரவரிசையில் முதல் இடத்தில் தொடங்கிய அதே வட கரோலினா அணி, தேசியத் தொடருக்கே தேர்வாகவில்லை. பழியில் பெரும்பங்கு லவ் தலையில் விழுந்தது. அவர் விலகியபோது 'தொல்லை விட்டது' என்று பெருமூச்சு விட்டவர்கள் உண்டு. அப்போது மட்டும் விசுவாசம் எங்கே போனது? அரிசோனாவுக்குப் போன லவ், 2024-ல் தன் மண்டலத்தின் சிறந்த வீரர் ஆனார். ஆகமொத்தம், நன்றாக ஆடுகிறவன் போனால் துரோகி, தடுமாறுகிறவன் போனால் நிம்மதி, வெளியூரிலிருந்து வருகிறவன் நம்ம பையன்.

'அந்தக் காலத்தில் நான்கு வருடமும் ஒரே சட்டைதான்' என்பார்கள். போக விட்டால்தானே போவான்? 2018 வரை, இன்னொரு பல்கலைக்கழகம் உதவித்தொகை பற்றிப் பேச வேண்டுமானால் பழைய இடத்தின் அனுமதி வேண்டும். அதையும் தாண்டிப் போனால், 2021-ல் விதி தளரும்வரை, பெரும்பாலோர் ஒரு பருவம் முழுக்க ஆடாமல் உட்கார வேண்டும். வெளியே பூட்டிவிட்டு, உள்ளே இருந்தவனை வீடு தங்கும் பிள்ளை என்று மெச்சியிருக்கிறோம்.

பயிற்சியாளர்களுக்கு அந்தப் பூட்டு கிடையாது. ஜான் கலிபாரி 2009-ல் மெம்ஃபிஸை விட்டுக் கென்டக்கிக்குப் போனார், 2024-ல் ஆர்கன்சா. கென்டக்கி ரசிகர்கள் அவரையும் விட்டுவைக்கவில்லை, கூச்சலிட்டார்கள் என்பது உண்மை. ஆனால் எந்த விதியும் அவரை ஒரு வருடம் பெஞ்சில் உட்காரவைக்கவில்லை. அவரோடு கென்டக்கி வீரர்கள் மூவர் ஆர்கன்சாவுக்குப் போனார்கள். பயிற்சியாளர் முகத்தைப் பார்த்து வந்தவன் அவர் பின்னால் போனால், அது விசுவாசக் குறைவா, விசுவாசமா?

ஒரு குறை நியாயமானது. அடிக்கடி மாறினால் படிப்பு அடி வாங்கும். முடித்த பாடங்கள் புதிய இடத்தில் கணக்கில் சேராமல் போகும். லவ்வே முதலில் மிஷிகனுக்குப் போவதாகச் சொல்லி, சேர்க்கைச் சிக்கலால் நடக்காமல்தான் அரிசோனா போனார். ஆனால் தொண்டை கிழியத் திட்டுகிறவர்களில் எத்தனை பேருக்குப் பையனின் பட்டம் பற்றிக் கவலை?

பல்கலைக்கழகங்களின் விசுவாசம் எப்படி? 1973 முதல் 2012 வரை விளையாட்டு உதவித்தொகையை ஓராண்டுக்கு மேல் எழுதித் தரவே விதியில் இடமில்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம், புதுப்பிக்காமலும் விடலாம். இப்போது 2025 நீதிமன்றச் சமரசத்துக்குப் பிறகு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுக்கு சுமார் 2 கோடி டாலர் வரை வீரர்களுக்குப் பகிரலாம். நான்கு வருடம் இருக்கத்தான் வேண்டும் என்றால் நான்கு வருட ஒப்பந்தம் போடச் சொல்லிப் பல்கலைக்கழகத்தின் வாசலில் போய்க் கத்துங்கள். அதில் பயிற்சியாளரும் கையெழுத்துப் போடட்டும்.