நிமிடத்துக்கு அறுபது – எந்த அறுபது?



பேரவை மலருக்கு எழுதச் சொன்னபோது கவிதை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். போன வருஷ மலரிலேயே நிலாவைப் பற்றி ஏகப்பட்டது வந்துவிட்டது. ஆகவே நான் உடைத்த மூன்று மில்லிமீட்டர் எண்ட் மில்லைப் பற்றி எழுதுகிறேன்.

என் அப்பா விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஜிக்கர் சக்கரத்தில் நிற்பவர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அம்மா காய்ந்த சாமான்களுக்குப் பிசிறு எடுப்பார். எங்கள் வம்சத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். சந்தேகம் வந்தால் வீட்டில் கேட்க ஆள் கிடையாது. நோட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் வேதம்.

விடுமுறைப் பயிற்சிக்கு ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். எலக்ட்ரிக் அடுப்புத் தட்டு பார்த்திருப்பீர்கள். கம்பிச் சுருள் உட்கார நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றிப் போகும் பள்ளம் இருக்குமே, அது. அதற்கான இரும்பு டையில் அந்த ஸ்பைரலை வெட்ட வேண்டும். பழைய மில்லிங் மெஷினுக்குக் கம்ப்யூட்டர் கன்ட்ரோல் மாட்டி, மேலே ரோட்டரி டேபிள் வைத்திருந்தார்கள். நான் நோட்டைத் திறந்து, கிளாசில் எழுதிய புரோகிராமை அப்படியே அடித்தேன். ஆரம் 75 மில்லிமீட்டரில் ஆரம்பித்து 15-இல் முடிய வேண்டும். அதற்குள் டேபிள் பத்துச் சுற்று, அதாவது 3600 டிகிரி. ஃபீட் எஃப்60. கல்லூரி மெஷினில் இதே புரோகிராம் ஆமை மாதிரி ஊர்ந்தது, பீரியட் முடிந்தும் முடியவில்லை. அந்த தைரியத்தில் ஸ்டார்ட் பட்டனைத் தட்டினேன்.

டேபிள் பம்பரமாகச் சுற்றியது. டிங் என்று ஒரு சத்தம். கட்டர் போயிற்று.

கட்டர் விலையைப் பயணப்படியில் பிடித்துக்கொண்டார்கள். அது போகட்டும். "மண்ணு பிசையிற ஊருப் பசங்களுக்கு இரும்பு எதுக்கு" என்று ஒருவர் சொன்னார் பாருங்கள், அதுதான் இரண்டு நாள் சோறு இறங்கவிடாமல் செய்தது.

நான் செய்த தப்பு என்ன? கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஃப்60 என்றால் நிமிடத்துக்கு அறுபது. சரி, அறுபது என்ன? மில்லிமீட்டரா, டிகிரியா? எக்ஸ் அச்சும் ரோட்டரி அச்சும் ஒரே வரியில் சேர்ந்து நகரும்போது இதற்கு ஒரே பதில் இல்லை. ஃபானுக் வகை கன்ட்ரோல்களில் ஒரு டிகிரியை ஒரு மில்லிமீட்டர் மாதிரி எண்ணிக் கூட்டிக்கொள்ளும். அறுபது மில்லிமீட்டரும் 3600 டிகிரியும் சேர்ந்து ஏறக்குறைய 3600. நிமிடத்துக்கு அறுபது வீதம் போனால் ஒரு மணி நேரம். அமெரிக்காவின் என்.ஐ.எஸ்.டி. நிறுவனம் 2000-இல் வெளியிட்ட ஆர்எஸ்274/என்ஜிசி விதிமுறை வேறு மாதிரி. நேர்கோட்டு அச்சு ஏதாவது நகர்ந்தால் ஃபீட் அதற்கு மட்டும்தான். ரோட்டரி அதே நேரத்துக்குள் ஓடி முடித்துக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டரில் ஓடும் லினக்ஸ் சி.என்.சி. இந்த வழியில்தான் போகிறது. அப்போது எக்ஸ் அறுபது மில்லிமீட்டர் போக ஒரே நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் டேபிள் பத்துச் சுற்றும் சுற்றியாக வேண்டும். ஓரத்தில் கட்டர் முனை நிமிடத்துக்கு 4700 மில்லிமீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறது. மூன்று மில்லிமீட்டர் கட்டர் என்ன செய்யும் பாவம்!

ஒரே புரோகிராம், ஒரே எஃப்60. ஒரு மெஷினில் ஒரு மணி, இன்னொன்றில் ஒரு நிமிடம். இதை எந்த வைவாவிலும் யாரும் என்னைக் கேட்டதில்லை. "ஜி94 என்றால் என்ன?" என்று கேட்பார்கள். "ஃபீட் பெர் மினிட் சார்" என்போம். முடிந்தது.

சரி, மெதுவாக ஓடிய கல்லூரி மெஷினாவது ஒழுங்காக வெட்டியதா என்றால் அதுவும் இல்லை. நிமிடத்துக்கு அறுபது டிகிரி என்பது 75 மில்லிமீட்டர் ஆரத்தில் 78.5 மில்லிமீட்டர் வேகம். 15 மில்லிமீட்டர் ஆரத்தில் வெறும் 15.7. ஐந்தில் ஒரு பங்கு. நடுவுக்குப் போகப் போகக் கட்டர் வெட்டாது, தேய்க்கும். சூடாகி முனை மழுங்கும்.

இதை ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "இது தெரியாதாடா தம்பி? சக்கரம் ஒண்ணுதான், ஆனா ஓரத்துல ஓடுற ஓட்டம் நடுவுல ஓடாது. தட்டு போடும்போது ஓரத்துல கை பதமா எறங்கணும், இல்லாட்டி மண்ணு பிச்சிக்கும்" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மூன்று வருஷப் படிப்பில் நான் பிடிக்காததை அவர் கை பிடித்து வைத்திருக்கிறது.

அப்பா கையால் செய்வதை நாம் கணக்கால் செய்யலாம். வேண்டிய வேகத்தை 57.3-ஆல் பெருக்கி ஆரத்தால் வகுத்தால் டிகிரிக் கணக்கில் ஃபீட். ஆரம் மாறிக்கொண்டே இருந்தால் ஜி93, அதாவது இன்வர்ஸ் டைம். இதில் எஃப் என்பது வேகமே இல்லை. "இந்த வரியை ஒரு நிமிடத்தில் எஃப்-இல் ஒரு பங்குக்குள் முடி" என்ற கட்டளை. ஸ்பைரலை ஐந்தைந்து டிகிரியாக நறுக்கிக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு எண்பது மில்லிமீட்டர் வேண்டுமென்றால் ஓரத்து வரிக்கு எஃப்12.2, நடு வரிக்கு எஃப்61. ஒவ்வொரு வரியிலும் எஃப் எழுதியே ஆக வேண்டும். கை வலிக்கும்தான், ஆனால் டிகிரியா மில்லிமீட்டரா என்ற குழப்பமே இல்லை. ஜி93 உள்ள எந்த மெஷினிலும் ஒரே அர்த்தம். காம் சாஃப்ட்வேர் இருந்தால் அதுவே எழுதித் தரும் என்பீர்கள். தரும். அது எழுதியது சரியா என்று பார்க்க நமக்குத் தெரிய வேண்டாமா?

ஸ்பைரலை எக்ஸ்-ஒய் அச்சுகளிலேயே வெட்டலாமே என்று ஒரு நண்பன் மடக்கினான். தட்டில் வெட்டலாம். உருளையைச் சுற்றி வெட்டும்போது என்ன செய்வான்? எம்.ஐ.டி. 1952-இல் செய்து காட்டிய எண்கட்டுப்பாட்டு மில்லிங் மெஷினில் மூன்று அச்சும் நேர்கோட்டு அச்சுகள்தான். நம் பாடம் இன்னும் அங்கேயே நிற்கிறது என்பது என் அபிப்பிராயம்.

பேரவை நிர்வாகிகளுக்கு ஒரு கோரிக்கை. ரோட்டரி டேபிளை எங்களைத் தொட விடாததற்குச் சொல்லப்படும் காரணம் "கட்டர் உடையும், ஜாப் வீணாகும்" என்பது. நியாயம்தான். ஆனால் நாம் இருப்பது விருத்தாசலத்தில் ஐயா! தேய்ந்துபோன பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மோல்டுகள் யூனிட்டுக்கு யூனிட் குவிந்து கிடக்கின்றன. காய்ந்த பிளாஸ்டரில் கட்டர் தப்பிப் பிழைக்கும், பள்ளத்தின் லட்சணமும் கண்ணுக்குத் தெரியும். தூசு ஸ்லைடில் இறங்கினால் கெடுதல் என்று லேப் அண்ணன் சொல்வார், அதுவும் உண்மை. கூலன்ட்டை நிறுத்திவிட்டு, துணி போட்டு மூடி, வாக்குவம் வைத்து உறிஞ்சினால் சமாளிக்கலாம். சுத்தம் செய்கிற வேலை என்னுடையது, எழுதிக் கொடுக்கிறேன். ஆளுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும்.

முதலாளியிடம் அப்பா கேட்டுவிட்டார், எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். இரண்டு சாக்கு மோல்டு எங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. சைக்கிளில் இரண்டு நடை. அனுமதி வந்தால் மறுநாள் காலை லேபுக்கு வந்துவிடும்.