கரை யாருக்கு?

ஆனைக்குட்டம் பக்கத்துச் சாலையில் மாலை நேரத்தில் நின்று பாருங்கள். பட்டாசு ஆலையிலிருந்தும் அச்சகத்திலிருந்தும், நம் வட்டாரத்தில் ‘ஆபீஸ்’ என்று வழங்கும் தீப்பெட்டித் தொழிற்கூடங்களிலிருந்தும் வேலை முடிந்து மக்கள் வீடு திரும்புவர். வண்டியேறிப் போவோர் பாதி. மிதிவண்டியிலும் கால்நடையாகவும் போவோர் மீதி. பின்னால் சரக்கு லாரி ஒலி எழுப்பினால், சாலையை விட்டு மண்ணில் இறங்கி, முள்ளில் ஒதுங்கி நின்று, லாரி போனபின் மறுபடி ஏறுவர். நாள்தோறும் நடக்கும் காட்சி. அதனாலேயே நம் கண்ணில் படாத காட்சி.

அந்தச் சாலையில்தான் சென்ற வாரம் தோழர் ஒருவர் என்னை மடக்கினார். “அண்ணே, சென்னையிலே கால்வாய்க் கரையில் நடைபாதை போடுவதும், சைக்கிள் பாதை போடுவதும் அரசியலா? அதற்கொரு ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரை வேண்டுமா?” என்றார்.

வேண்டும் என்றேன். ஏன் என்பதை விரித்துரைக்கவே இதை எழுதுகிறேன்.

பக்கிங்காம் கால்வாய் என்றால் இன்றைய சென்னைவாசிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கவேண்டிய சாக்கடை. அதன் பிறப்பை அறிந்தோர் சிலர். 1806இல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளையர் சென்னையிலிருந்து எண்ணூர்ப் பக்கம் வெட்டுவித்த சிறு கால்வாயே அதன் தொடக்கம். பின்னாளில் வடக்கிலும் தெற்கிலும் நீண்டு, ஆந்திரக் கரையிலிருந்து மரக்காணம் வரை நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி இருக்கிறதே, நகரத்தின் நடுவே ஏறத்தாழ 8 கிலோமீட்டர், அது 1877-78இல் வெட்டப்பட்டது. எந்தக் காலம் அது? தாது வருடப் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம்! வெட்டியவர் எவர்? கஞ்சித்தொட்டி தேடி வந்த உழவரும் கூலிகளும், எலும்பும் தோலுமாக! 1877 தொடக்கத்தில் ரிச்சர்டு டெம்பிள் என்ற துரை பஞ்ச நிவாரண வேலைக்கு விதித்த கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதனினும் குறைவு. இந்தக் கூலியில் உயிர் தரியாது என்று சென்னை மாகாணத்துச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். வெள்ளையரிலும் அப்படி ஒருவர் இருந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வெட்டியவன் பெயர் எங்கும் இல்லை. ஆளுநராக வீற்றிருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அந்தக் கால்வாயில் உப்பு போயிற்று, விறகு போயிற்று, நெல் போயிற்று. காற்று கைவிட்ட நாளில் படகோட்டிகள் கரையில் இறங்கி, கயிற்றைத் தோளில் போட்டுப் படகை இழுத்து நடந்தனர். கால்வாய்க் கரையில் பாதை என்பது ஏதோ சீமையிலிருந்து நேற்று வந்திறங்கிய புதுமை என்று எண்ணுவோர்க்குச் சொல்கிறேன்: பாதை இருந்தது! பாட்டாளியின் பாதம் தேய்த்த பாதை அது. 1965, 1966 ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன, படகு நின்றது, நகரத்தின் கழிவு வந்து சேர்ந்தது. பிறகு பறக்கும் இரயில் திட்டம் வந்தது. 1990களில் எழுந்த அதன் தூண்கள் பல இடங்களில் கால்வாயின் வயிற்றிலேயே ஊன்றப்பட்டன. இரயில் வேண்டாம் என்று எவன் சொல்வான்? நீர் ஓட வழி விட்டுத் தூண் நட்டிருக்கலாமே என்பதே என் ஆதங்கம்.

இப்போது சென்னையின் ஆற்றங்கரைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் நடைபாதை, மிதிவண்டிப் பாதை என்று திட்டங்கள் பேசப்படுகின்றன. நல்லது, வரவேற்போம். ஆனால் படத்தைக் காட்டும்போது அதில் யார் நடக்கிறார் என்று பாருங்கள். காலையில் உடல் இளைக்க நடக்கும் கனவான். விலையுயர்ந்த மிதிவண்டியில் தலைக்கவசத்தோடு செல்லும் இளைஞன். மீன்கூடை சுமக்கும் தாய் எங்கே? கட்டட வேலைக்குத் தூக்குச்சட்டியோடு போகும் கொத்தனார் எங்கே? நான்கு வீட்டில் பாத்திரம் துலக்கிவிட்டு ஐந்தாம் வீட்டுக்கு விரையும் அம்மை எங்கே? அவர்கள் படத்தில் இல்லை. படத்தில் இல்லாதவர்கள் கரையில் இருக்கிறார்கள் என்பதுதான் சிக்கல்.

2022 மே மாதம். இராசா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், இதே கால்வாயின் கரையோரத்து வீடுகள், உச்சநீதிமன்ற ஆணையின்பேரில் இடிக்கப்பட்டன. அங்கு வாழ்ந்த ஒருவர் மனம் பொறாமல் தம்மேல் தீயிட்டுக்கொண்டு மாண்டார். முதலமைச்சர் சட்டமன்றத்தில் வருந்தினார். மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதியிலேயே மாற்று வீடு தருவோம் என்றார். அந்த இடிப்பு பாதை போடுவதற்காக நடந்ததன்று. நியாயமாகச் சொல்லவேண்டும். ஆனால் கரை காலியானால் அங்கே பாதை வரும். பாதை வந்தால் பக்கத்து மனைக்கு விலை ஏறும். இந்தக் கணக்கு தெரியாதவர் நகரத்தில் எவருமில்லை.

கரையில் வாழ்வது இன்பவாழ்வு என்று நான் பாடவரவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நீர்க்கரைக் குடிசைகள் பட்ட பாடு நாம் அறிந்ததே. வீடு மாறத்தான் வேண்டும். ஆனால் எங்கே? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்! அடுக்குமாடி தந்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடந்து போன வேலைக்கு இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டியதாயிற்று. பலருக்கு வேலையே போயிற்று. நடைபாதைத் திட்டத்தின் முதற்பலன், நடந்துபோனவனை நடக்கமுடியாத தொலைவில் குடியேற்றுவதா?

தென்கொரியத்தின் சியோல் நகரில் சொங்கேசொன் என்ற ஓடைமீது மேம்பாலச் சாலை கட்டியிருந்தார்கள். அதை இடித்து, ஓடையை மீட்டு, இருகரையிலும் நடக்க வழிசெய்து 2005இல் திறந்தார்கள். உலகமே புகழ்ந்தது. அங்கே கடைவிரித்துப் பிழைத்த தெருவோர வணிகர்களை ஒரு பழைய விளையாட்டரங்குக்குள் அனுப்பினார்கள். சில ஆண்டுகளில் அந்த அரங்கமும் இடிபட்டு, அவர்கள் மறுபடி அலைந்தார்கள். புகழ்ந்தவர்கள் அதைச் சொல்வதில்லை.

இன்னொன்று. இந்த மாநிலத்தில் மிதிவண்டி பணக்காரனின் பொழுதுபோக்கன்று. 1991-92இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்குவிக்க, ஆயிரமாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். கல்லுடைக்கும் பெண் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு ஓட்டிப் போனாள். ஊர் வாய்பிளந்து நின்றது. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கு அரசு விலையில்லா மிதிவண்டி தந்தது. 2005-06 முதல் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மேல்நிலை வகுப்பு மாணவர் அனைவர்க்கும் தந்தது. இன்றும் தருகிறது. வண்டி கொடுத்த கை, வழி கொடுத்ததா? லாரிக்கும் பேருந்துக்கும் இடையில் பதினாறு வயதுப் பெண்ணை ஓட்டிப் போ என்று விட்டுவிட்டோம். சென்னை மாநகராட்சி 2014இல் நடப்போர்க்கும் மிதிவண்டியினர்க்கும் முதலிடம் தரும் கொள்கையை ஏற்றது. கொள்கை ஏட்டில் இருக்கிறது. நடைபாதைமேல் மோட்டார் சைக்கிள் நிற்கிறது!

ஆகவே பாதை போடுங்கள். தொழிலாளி போகும் பாதையாகப் போடுங்கள் என்பதே நமது கோரிக்கை. கோட்டூர்புரம், கஸ்தூரிபாய் நகர், இந்திரா நகர், திருவான்மியூர் இரயில் நிலையங்கள் கால்வாயை ஒட்டியே நிற்கின்றன. கரையோரம் நிலையத்துக்கு நிலையம் வழி தொடர்ந்தால் அது வேலைக்குப் போகும் வழி. ஒவ்வொரு பாலத்திலும் சுவர் வைத்து மறித்தால் அது பூங்கா. அந்தியில் பூட்டும் இரும்புக்கதவு வேண்டாம். இரவுவேலை முடிந்து வருபவளுக்குத்தானே அந்த விளக்கு வேண்டும்? நடப்பவரும் மிதிவண்டியினரும் ஒருவரையொருவர் இடிக்காத அகலம் வேண்டும். கரை முழுதும் சிமெண்டு பூசி நீர் உறிஞ்சும் மண்ணை மூடிவிடலாகாது. கழிவு விழும் குழாயை அடைக்காமல் பக்கத்தில் பளிங்குப் பலகை போட்டால் உட்காருவது யார்? கரையில் வாழ்வோர்க்கு அதே வட்டத்தில் வீட்டுச் சாவி கையில் கிடைத்தபின் முதற்கல் நடட்டும்.

“சரி அண்ணே, நம்ம ஊருக்கு?” என்றார் தோழர்.

நம் ஊருக்கும் வரும். விருதுநகரின் நடுவே கௌசிகா நதி கழிவைச் சுமந்து கிடக்கிறது. சிவகாசி, திருத்தங்கலையும் சேர்த்துக்கொண்டு 2021இல் மாநகராட்சி ஆகிவிட்டது. மாநகராட்சி என்றால் திட்டவரைவு வரும், வண்ணப்படம் வரும், ஒப்பந்தக்காரர் வருவார். மன்றத்தில் அமர்ந்திருப்பவர் நம்மவராகவே இருக்கட்டும்; படத்தை மேசைமேல் விரிக்கும் அன்று கேட்க வேண்டியதைக் கேட்டாகவேண்டும். அதற்கு முன்னே ஒரு வேலை. கிளைத்தோழர்கள் நான்குபேர் விடியற்காலை ஐந்து மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அந்தந்தக் கரையில் போய் நின்று, யார் நடக்கிறார், எத்தனை பேர், எங்கிருந்து எங்கே என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். ஒரு வாரம் போதும். ஆனைக்குட்டம் சாலைக் கணக்கை அந்தத் தோழரே எடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.