மேஸ்திரிக்கு முன்னால் ஒருவர்

திருவொற்றியூரில் எங்கள் பழைய வீட்டின் கூரைப் பூச்சு ஒரு மத்தியானம் பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, கீழே யாரும் படுத்திருக்கவில்லை. அண்ணாந்து பார்த்தால் கம்பி தெரிந்தது. தொட்டால் தகடு தகடாகத் துரு உதிர்ந்தது. வீட்டுக்கு வயது இருபத்தாறுதான்.

இடித்துக் கட்டுவது என்று முடிவானதும் ஆர்க்கிடெக்ட் ஒருவரைப் பிடித்தேன். அம்மாவுக்கு அதில் இஷ்டமில்லை. "படம் வரையவா இவ்வளவு பணம்? மேஸ்திரி தரையில கோடு போட்டாலே வீடு நிக்குமே" என்றார். எங்கள் தெருவில் எல்லா வீடும் அப்படித்தான் எழுந்தது. எல்லா வீட்டிலும் கூரை உதிர்கிறது.

வந்த பெண் முதலில் அளவு நாடாவை எடுக்கவில்லை. "அம்மா, மிக்ஜாம் புயலப்போ தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டார். 2023 டிசம்பரில் சுவரில் படிந்த கோட்டை அம்மா காட்டினார். பேஸ்மெண்ட் உயரம் அங்கேயே முடிவாயிற்று. பிறகு மூன்று மணிவரை உட்கார்ந்து, கடற்காற்று எந்தப் பக்கம் நுழைகிறது என்று பார்த்தார். படிக்கட்டு கிழக்கிலிருந்து மேற்குச் சுவருக்குப் போனது அதனால்தான். அதன் பிறகு அம்மா பணத்தைப் பற்றிப் பேசவில்லை.

கூரை ஏன் உதிர்ந்தது என்பதையும் அவர்தான் விளக்கினார். உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால் கான்கிரீட் உள்ளிருந்தே பிளக்கிறது. கம்பிக்கு வெளியே விடும் கான்கிரீட் கனம்தான் கவர். கடலோரக் காற்று படும் கான்கிரீட்டுக்கு இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 கேட்பது 45 மில்லிமீட்டர் கவர், எம்30 கலவை. எங்கள் பழைய கூரையில் அளந்தபோது சில இடங்களில் 15கூட இல்லை.

இப்போது 2,500 சதுர அடிவரையுள்ள மனையில் 3,500 சதுர அடிவரை வீடு கட்ட, சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. 2024 ஜூலையில் வந்த திட்டம் இது. அலைச்சல் மிச்சம், வரவேற்கிறேன். ஆனால் அந்த அனுமதிக்காக யாரும் வந்து உங்கள் கம்பியை அளப்பதில்லை. பொறுப்பு முழுக்க வீட்டுக்காரர் தலையில். ஆர்க்கிடெக்ட் தேவையில்லை என்று பலரும் நினைக்கும் இந்த நேரத்தில்தான் அவர் தேவை கூடியிருக்கிறது.

1972ஆம் ஆண்டின் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு பெற்றவர் மட்டுமே ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளலாம். பதிவு எண்ணைக் கேளுங்கள். கம்பிக் கணக்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வேலை; அவரையும் சேர்த்துத்தான் கட்டணமா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். நான் பேசாமல் விட்டு, நடுவில் பணம் புரட்ட வேண்டியதாயிற்று.

எங்கள் ரூஃப் கான்கிரீட்டுக்கு முந்தைய நாள் அவர் சென்ட்ரிங் மேல் ஏறினார். இரண்டு வரிசையில் 20 மில்லிமீட்டர் கவர் பிளாக் இருந்தது. எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார். மேஸ்திரிக்கு முகம் சுருங்கியது, அரை நாள் கூலி போனது. மாற்றிய பிறகுதான் கலவை ஏறியது.

எண்ணூரிலிருந்து ராயபுரம்வரை கடலுக்கு அருகில் வீடு கட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கான்கிரீட் போடும் ஒவ்வொரு முறையும் முந்தைய நாளே நேரில் வந்து பார்ப்பேன் என்று ஆர்க்கிடெக்டிடம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.