கேஸ் ஸ்ட்ராங்... ஆனா டேட் முடிஞ்சிடுச்சு பாஸ்!

செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்னிக்கு, ரீவேல்யூவேஷனுக்குக் கடைசித் தேதி எப்போன்னு ஹாஸ்டல் முழுக்க விசாரிப்போமே... அதே டென்ஷன் சிவில் கோர்ட்டிலும் உண்டு. என்ன, நமக்குப் போனால் ஒரு பேப்பர். அங்கே போனால் தாத்தா கட்டின வீடு!

ஒரு நிலத் தகராறில் முன்சீஃப் கோர்ட் உங்க அப்பாவுக்கு எதிராகத் தீர்ப்பு சொல்லிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். (நம்ம குடும்பத்துல கேஸெல்லாம் கிடையாதுன்னு சொல்றவங்க, சித்தப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க!) அப்பீல் போட எத்தனை நாள்? 1963-ம் வருட காலவரையறைச் சட்டப்படி, சப் கோர்ட், மாவட்ட கோர்ட் என்றால் 30 நாள். ஹைகோர்ட் என்றால் 90 நாள். எண்ண ஆரம்பிப்பது தீர்ப்புத் தேதிக்கு மறுநாளிலிருந்து. நகல் கைக்கு வந்த நாளிலிருந்து இல்லை!

நகலுக்காகக் காத்திருக்கும் நாட்களைக் கழித்துக்கொள்ளலாம் என்று சட்டமே சலுகை தருகிறது. ஆனால், நகல் கேட்டு மனு போட்டால்தான் அந்தச் சலுகை. 20 நாள் சும்மா இருந்துவிட்டு, 'டிக்ரியே இன்னும் ரெடியாகலை சார்' என்றால், அந்த 20 நாளும் உங்க கணக்கில்தான். (டிக்ரின்னா நம்ம பி.இ. இல்லை மக்கா, தீர்ப்பாணை!) மனு போட்ட தேதி, பணம் கட்டிய தேதி, நகல் ரெடியான தேதி எல்லாம் நகலிலேயே குறித்திருக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கடைசி நாள் கோர்ட் விடுமுறையில் வந்தால் கவலை வேண்டாம், திறக்கிற அன்றைக்கே தாக்கல் செய்யலாம். மறுநாள் போனால் லேட்தான்.

லேட்டானால் என்ன ஆகும்? நிலம் யாருக்கு என்ற பேச்சே எடுக்காமல், 'இந்த அப்பீல் காலம் கடந்தது' என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நிற்பார். இதுதான் பூர்வாங்க ஆட்சேபனை. அவர் மறந்தாலும் தப்பிக்க முடியாது. காலம் கடந்ததைத் தள்ளுபடி செய்வது ஜட்ஜின் கடமை. எல்லா ஆட்சேபனைக்கும் இந்த மவுசு கிடையாது. 'கேஸை இந்த ஊர் கோர்ட்டில் போட்டதே தப்பு' என்பதைக் கீழ்க்கோர்ட்டிலேயே ஆரம்பத்தில் சொல்லியிருக்க வேண்டும். அப்பீலில் முதல்முறையாகக் கிளப்பினால் பொதுவாக எடுபடாது.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. அப்பீல் போட்டதுமே தீர்ப்பு நின்றுவிடாது, தனியாக ஸ்டே வாங்கணும். லேட்டாக வந்த அப்பீலிலோ, தாமதத்தை மன்னித்து அப்பீலை விசாரிக்க முடிவு செய்யும்வரை கோர்ட் ஸ்டே தர முடியாது. நாம் காரணம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஜெயித்தவர் வீட்டைக் காலி செய்ய அமீனாவோடு வந்துவிடலாம். எனக்கு இதைப் படித்ததும்தான் பகீரென்றது.

தாமத மன்னிப்புக்குப் 'போதுமான காரணம்' வேண்டும். 1987-ல் காஷ்மீர் நில ஆர்ஜித வழக்கு ஒன்றில் வெறும் 4 நாள் தாமதம். ஒவ்வொரு நாளுக்கும் விளக்கம் வேண்டும் என்றால் ஒவ்வொரு மணிக்கும், ஒவ்வொரு நொடிக்கும் கேட்பீர்களா என்ற தோரணையில் கேட்டு, சுப்ரீம் கோர்ட் மன்னித்தது. மெட்ராஸ் ஹைகோர்ட்டிலிருந்து போன ஒரு சொத்து வழக்கில் மனு போட 883 நாள் தாமதம்! தன் வக்கீல் கைவிட்டதுதான் காரணம் என்றார் கட்சிக்காரர். 1998-ல் அதையும் 10,000 ரூபாய் கட்டச் சொல்லி மன்னித்தது. ஆக, நாட்களின் எண்ணிக்கையைவிடக் காரணம்தான் முக்கியம்.

அதற்காக எதைச் சொன்னாலும் எடுபடுமா? 2012-ல் தீர்ப்பான ஒரு வழக்கில், ஓர் அரசுத் துறை 427 நாள் தாமதத்தோடு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிருந்தது. ஹைகோர்ட் தீர்ப்பு 2009 செப்டம்பர் 11. நகலுக்கு மனு போட்டதோ 2010 ஜனவரி 8. நகல் அன்றைக்கே கிடைத்தும்விட்டது! ஃபைல் மேசை மேசையாகச் சுற்றியது என்ற சமாதானத்தை ஏற்காமல், அரசுக்கென்று தனிக் கடிகாரம் கிடையாது என்கிற மாதிரி சொல்லி, கோர்ட் தள்ளுபடி செய்தது.

அது எந்தத் துறைன்னு கேட்கறீங்களா? தபால் துறை!