பாடுறவனுக்கு மாலை, பிடிக்கிறவனுக்குக் கட்டு!

போன வாரம் ஹாஸ்டல்ல ஒரு பெரிய சண்டை. "தலைவாஸுக்கு நல்ல ரைடர் மட்டும் கிடைச்சா கப்பு நமக்குத்தான் மாப்ள"ன்னு ஒருத்தன் ஆரம்பிச்சான். 2017ல தமிழ் தலைவாஸ் புரோ கபடிக்குள்ள வந்த நாள்ல இருந்து இதே பாட்டுத்தான். கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. அதான் இந்தப் பதிவு. திட்டுறவங்க முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க :-)

2022ல பவன் ஷெராவத்தை 2.26 கோடி குடுத்து எடுத்தாங்க. முதல் மேட்ச்லயே முட்டி போச்சு, சீசனே அவ்வளவுதான். டீம் நாசமாப் போயிருக்கணுமே? அந்த வருஷம்தான் முதல் தடவையா செமிஃபைனலுக்குப் போச்சு! புனே கிட்ட 39-37ன்னு ரெண்டே பாயிண்ட்ல தோத்தோம். "நரேந்தர் பாடினானே"ம்பீங்க. பாடினான், 243 பாயிண்ட். ஆனா அவன் அந்த வருஷம்தான் உள்ள வந்த புதுப் பையன், கோடியில வாங்கின ஆள் இல்ல. இந்தப் பக்கம் சாகரும் சாஹில் குலியாவும் ரெண்டு கார்னர்ல நின்னதை யாரு பேசுறா?

2024 ஏலம் இன்னும் கூத்து. நாம 2.15 கோடிக்கு சச்சின்ங்கிற ரைடரை எடுத்தோம். ஹரியானா 2.07 கோடிக்கு ஈரான்காரர் ஷாத்லூயியை எடுத்தது. பேப்பர்ல ஆல்ரவுண்டர், களத்துல லெஃப்ட் கார்னர்ல நிக்கிற மலை. நாம 9வது இடம். கப்பு ஹரியானாவுக்கு. அதுக்கு முந்தின சீசன்ல அதே ஆள் புனேல இருந்தார், கப்பும் புனேக்கே போச்சு. ஃபைனல்ல ஹரியானாகிட்ட தோத்தது யாரு? அந்த சீசன்ல 301 ரைடு பாயிண்ட் எடுத்த தேவாங்க் இருந்த பாட்னா. மொத்த டீமும் சேர்ந்து எடுத்தது 23.

அமெரிக்காக்காரன் ஃபுட்பால்லயும் இதே கதைதான். 2013 சீசன்ல பெய்டன் மேனிங் 55 டச்டவுன் பாஸ் போட்டு சாதனை பண்ணார். ஃபைனல்ல சியாட்டில் டிபென்ஸ் 43-8னு அமுக்கிருச்சு.

நியாயமாப் பேசுவோம். 2017ல பர்தீப் நர்வால் 369 ரைடு பாயிண்ட் எடுத்து பாட்னாவுக்குக் கப்பு வாங்கிக் குடுத்தார். 2021-22 சீசன்ல சாகர் 82 டேக்கிள் பாயிண்ட் எடுத்தும் நாம 11வது இடம். பாடுறவனே வேண்டாம்னு நான் சொல்லல. கோடியில பேசுறப்ப கார்னர்காரனுக்கும் ஒரு வரிசை வைன்னுதான் சொல்றேன். 2022-23ல ஜெய்ப்பூர் ஜெயிச்சதுக்கு அர்ஜுன் தேஷ்வால் பேரை எல்லாரும் சொல்வாங்க. அதே டீம்ல 89 டேக்கிள் பாயிண்ட் எடுத்த அங்குஷ் பேரை நம்ம செட்டுல எத்தனை பேருக்குத் தெரியும்?

இத்தனைக்கும் இது தஞ்சாவூர் பக்கத்து தர்மராஜ் சேரலாதன் பிறந்த மண்ணுங்க! 2016ல பாட்னா கப்பு தூக்கினப்ப கேப்டன் அவர்தான். நாப்பது தாண்டின மனுசன், ரைட் கார்னர், பிடிக்கிற ஆளு.

எங்க மயிலாடும்பாறையில வைகை ஆத்து மணல்ல ஆடின காலத்துல இருந்து நான் லெஃப்ட் கார்னர். கணுக்காலைப் பிடிக்கப் போய் மோதிர விரல் இன்னும் நேரா நிமிரல. பாடிப் போறவனுக்கு நாலு பேரைத் தொட்டுட்டு ஓடி வர்ற வழி இருக்கு. பிடிக்கிறவனுக்கு ஒரே சான்ஸ், அரை நொடி முந்தினா இவன் அவுட்டு, பிந்தினா கோட்டைத் தொட்டுருவான். இப்ப ஊர்ல சின்னப் பசங்களைக் கூப்பிட்டா பத்துல ஒன்பது பேரு "நான் பாடுறேண்ணே"ங்குறான். ஏன் மாட்டான்? பொங்கல் போட்டியில மைக்ல "சிறந்த ரைடர்"னு கூப்பிட்டு குக்கர் குடுக்குறாங்க, பிடிச்சவனுக்குத் துண்டு கூட கிடையாது.

கமிட்டி அண்ணன்மாரே, வர்ற பொங்கலுக்கு ரெண்டு குக்கரா வாங்குங்க. வசூல் பத்தலைன்னா என் பங்கு ஐநூறு ரூபாய், ஊருக்கு வந்ததும் கையில தர்றேன்.