கழற்றியதை எறியாதீர்கள்

1990களில், பொருளாதாரத் தடையினால் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் வடபகுதிக்குக் கிடைக்காதிருந்த வேளையில், யாழ்ப்பாணத்து மக்களைச் சுமந்தவை ஒஸ்ரின், மொறிஸ் ஆகிய பழைய பிரித்தானியக் கார்களே. சிறிதளவு பெற்றோல் விட்டு இயந்திரத்தை இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் அவற்றை ஓட்டிச் சென்ற சாரதிகளின் திறமையை நேரிற் கண்டவர்கள் இலகுவில் மறவார். மணமக்கள் அமர்ந்த அதே இருக்கையில் மறுநாள் காயமுற்றவர் கிடத்தப்பட்டதும் உண்டு.

இன்று அக்கார்கள் மதிப்புமிக்க பழம்பொருட்களாகிவிட்டன. புலம்பெயர்ந்து வாழ்வோர் பலர் தம் குடும்பத்துக் காரைப் புதுப்பித்துக் காண ஆசைப்படுகின்றனர். அது வரவேற்கத்தக்க ஆசையே. ஆயினும், அந்த ஆசை நிறைவேற்றப்படும் முறை பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கின்றது.

எனக்கு அறிமுகமான ஒருவர், தம் தந்தையார் வாடகைக்கு ஓட்டிய ஒஸ்ரின் ஏ40 சோமசெற் காரை ஒரு கராஜில் ஒப்படைத்துவிட்டு வெளிநாடு திரும்பினார். 1952 முதல் 1954 வரை மட்டுமே தயாரிக்கப்பட்ட வகை அது. முதல் நாளிலேயே இருக்கைகள், கதவுகளின் உட்பலகைகள், கூரைத் துணி யாவும் பிடுங்கப்பட்டுக் குப்பையோடு எரிக்கப்பட்டன. மாதங்கள் கழித்து வந்து பார்த்தவருக்குப் பளபளக்கும் றெக்சின் உறையுடன் கார் காத்திருந்தது. "நல்ல கார்தான்; ஆனால் அப்பாவின் கார் இல்லை" என்றார் அவர்.

இருக்கைகளைக் கழற்றாமல் எந்தப் பழைய காரையும் முறையாகத் திருத்த முடியாது என்பதை மறுப்பதற்கில்லை. கதவு, கண்ணாடி விளிம்புகளினூடாக இறங்கும் மழைநீர், தரைவிரிப்பின் அடியில் ஊறிக் கிடந்து தரைத் தகட்டை அரிக்கின்றது. விரிப்பைத் தூக்கிப் பார்க்கும் வரை துரு தெரிவதில்லை. எனவே கழற்றுவதா இல்லையா என்பதல்ல, எவ்வாறு கழற்றுவது என்பதே கேள்வி.

முதலில் பற்றரியின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். எதையும் தொடுமுன் எல்லாக் கோணங்களிலும் புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். துருவேறிய திருகாணிகளுக்கு எண்ணெய் விட்டு, ஓரிரவு பொறுத்திருப்பது நன்று. கதவுக் கைபிடிகள் சில வகைகளில் திருகாணியாலும் சில வகைகளில் சிறு ஊசியாலும் பொருத்தப்பட்டிருக்கும். அதை அறியாமல் நெம்பினால் உட்பலகை கிழியும். ஒவ்வோர் இடத்துத் திருகாணிகளையும் தனித்தனிப் பையிலிட்டு இடத்தின் பெயரை எழுதி வைக்க வேண்டும். கூரைத் துணியைத் தாங்கும் கம்பிகளை முன்னிருந்து பின்னாக இலக்கமிட வேண்டும். அவற்றின் நீளமும் வளைவும் ஒன்றுபோல் இருப்பதில்லை. எலி எச்சமும் பழந்தூசியும் நிறைந்த வேலையாதலால் முகக்கவசம் அவசியம்.

கிழிந்த பழைய உறைதான் புதிய உறைக்கு அச்சு. தையலின் இடைவெளி, மடிப்பின் அகலம், உள்ளே இட்ட நிரப்பியின் கனம் ஆகிய யாவும் அதிலேயே பதிந்துள்ளன. அதை எரித்தபின் தையற்காரர் ஊகத்தில்தான் தைக்க வேண்டும். தகட்டை மறுபடியும் செய்யலாம். மொறிஸ் மைனரின் தகட்டுப் பாகங்கள் 1990களில் இலங்கையிலேயே தயாரிக்கப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. ஆனால் நாற்பது ஆண்டுகள் மனிதர் அமர்ந்து தேய்ந்த இருக்கையை எந்தத் தொழிற்சாலையும் செய்து தராது.

பழைய ஊர்திகளுக்கான சர்வதேச அமைப்பான ஃபீவா, 2013இல் உறுதிசெய்த தூரின் சாசனத்தில், தலையீடு இயன்றளவு குறைவாக இருக்க வேண்டும் என்றும் செய்த மாற்றங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்றும் வலியுறுத்துகின்றது. கோவிற் சிற்பத்துக்கு நாம் கோரும் மரியாதையே இது.

"உக்கிய இருக்கையில் யார் அமர்வது?" என்று கேட்பவர்கள் உளர். நியாயமான கேள்வி. திருமண வாடகைக்கு ஓடி உரிமையாளருக்குச் சோறு போடும் காருக்குப் புதிய இருக்கை தேவைதான். புதிதாகத் தையுங்கள். ஆனால் தாங்கக்கூடிய பழைய பகுதியைச் சுத்தம் செய்து திரும்பப் பொருத்துங்கள். முடியாததை ஒரு பெட்டியிலிட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி வையுங்கள். அதற்குச் செலவு அதிகமில்லை.

யுத்தத்தில் எமது நூல்களும் ஆவணங்களும் எரிந்து போயின. தப்பிப் பிழைத்த இந்தச் சில சாட்சிகளின் உள்ளத்தையும் நாமே எரித்துவிட்டால், அதற்குப் பிறரைக் குறைகூற முடியாது. காரைக் கராஜில் விடும் முன் இந்த ஒரு நிபந்தனையை எழுத்தில் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்: கழற்றிய எதையும் என்னைக் கேளாமல் எறிய வேண்டாம்.